மைனஸ் பி

குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கம்பெனி. மொத்தமே எட்டுப் பேர். இரண்டாயிரங்களின் நடுவில் அப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகள் ஜிஎஸ்டி சாலை நெடுக இருந்தன. பெரிய கம்பெனிகளில் இடம் கிடைக்காதவர்களும், கல்யாணம், குழந்தை என்று இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் அங்கே சேர்ந்தோம். நான் இரண்டாவது வகை. ஊரப்பாக்கத்தில் வீடு. மகனுக்கு மூன்றரை வயது. காலையில் அவனுக்கு ஊட்டிவிட்டு, மாமியாரிடம் விட்டுவிட்டு ரயிலைப் பிடித்து ஆபீஸில் வந்து உட்காரும்போதே ஒரு முழு நாள் வேலை செய்து முடித்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கிழக்குத் தாம்பரத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெயில் புத்தகம் அச்சிடும் சின்ன டிரஸ்ட் ஒன்று இருப்பதாகவும், அவர்களுக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார்.

"ஒரு வார வேலைதாம்மா. மத்த வேலைக்கு நடுவுல முடிச்சுக் குடுத்துடு."

நடுவில் என்றால் மத்த வேலை எதுவும் குறையாது என்று அர்த்தம். சரி சார் என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரஸ்ட் ஒரு பழைய வீட்டின் முன்பாதியில் நடந்தது. கூடத்தில் பிரெயில் பிரின்டர். கெட்டித் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி அடிக்கும் இயந்திரம் அது. ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதற்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் டைப் செய்யும் அக்கா உட்கார்ந்திருந்தார். பல்லாவரத்துக்காரர். கணவர் அங்கே கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த அக்கா, முக்காட்டுத் துணி தோளில் நழுவியது கூடத் தெரியாமல் அடித்துக்கொண்டே போவார்.

இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கோவிலம்பாக்கத்தில் வீடு. அவருடைய அப்பா உழுத நிலம் இப்போது மனைகளாகிவிட்டது என்று முதல் நாளே சொன்னார். நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னை மேடம் என்றார். அக்கா டைப் செய்வதைப் பிரெயிலாக மாற்றி அடித்து, விரலால் தடவிப் படித்துப் பிழை பார்ப்பது அவர் வேலை. மாற்றுவதற்கு அதுவரை வைத்திருந்த புரோகிராம் வெளிநாட்டில் யாரோ எழுதியது. தமிழில் ஒற்றெழுத்துகளை விழுங்கிவிடும்.

நான் நோட்டை எடுத்து, திரையில் எங்கே பட்டன் வைக்கலாம் என்று கட்டம் போட ஆரம்பித்தேன்.

"பட்டன் எல்லாம் வேணாம் மேடம்," என்றார் அண்ணன். "பட்டன் எங்க கீதுன்னு மவுஸ வச்சிகினு நான் எங்க தேடறது? கறுப்பு ஸ்க்ரீன் கீதுல்ல, அதுல டைப் அடிக்கிற மாதிரி குடுங்க. நான் அடிக்கிறது, அது பதில் சொல்றது, எல்லாத்தயும் மெஷின் படிச்சு சொல்லிடும்."

அவருடைய கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதை ஆங்கிலக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் அந்த எழுத்தின் பெயரைச் சொல்லும்.

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஜன்னல்களும் பட்டன்களும் வரைவதைவிடக் கறுப்புத் திரைக்கு எழுதுவது பாதி வேலை. புரோகிராமின் பெயரை அடித்து, பிறகு ஒரு சின்னக் கோடு போட்டு ஒரு எழுத்தை அடித்தால் போதும். அந்த எழுத்தைப் பார்த்துப் புரோகிராம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளும். எங்கள் தொழிலில் அதற்கு ஃப்ளாக் என்று பெயர். பேசும்போது கோட்டை மைனஸ் என்போம். எந்தெந்த எழுத்துகள் வரலாம், எந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு எண் வர வேண்டும் என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டால், பிரித்துப் படிக்கும் வேலையை ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ஃபங்ஷன் என்ற சின்ன நிரல்துண்டு பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மாலைகளில் அதை எழுதினேன். தாளின் இருபுறமும் அடிக்க பி. பக்க எண் போட என். மாற்றாமல் பிழையை மட்டும் சோதித்துச் சொல்ல வி. கடைசியாக டி. அந்தக் கம்ப்யூட்டர் யாரோ வேண்டாம் என்று கொடுத்தது, டிஸ்கில் இடம் கிடையாது. அதனால் மாற்றி முடித்ததும் டைப் செய்த மூல ஃபைலை அழித்துவிட டி. போத், நம்பர், வெரிஃபை, டெலீட் என்று ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அதையே வைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக 'ஓகே' என்று திரையில் காட்ட வைத்தேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. அதுவரை சின்னக் கதைப் புத்தகங்கள்தான் என்பதால், பக்க எண்ணுக்கான என் தவிர மற்ற எழுத்துகள் அண்ணனுக்குத் தேவைப்படவில்லை. ஒற்றெழுத்து ஒன்றுகூட விடுபடவில்லை. அண்ணன் போன் பண்ணி, "சூப்பரா கீது மேடம்" என்பார். டைப் செய்யும் அக்கா ஒரு பெருநாளுக்கு எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார். முதலாளியும் அந்த வேலையை மறந்துவிட்டார்.

அந்த வருடம் அவர்கள் எடுத்துக்கொண்ட பெரிய வேலை பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். பதினான்கு பாடங்கள். பார்வையற்ற பிள்ளைகள் மற்ற பாடங்களைப் பிரெயிலில் படித்துவிட்டு அறிவியலை மட்டும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு மாதம் உட்கார்ந்து பதினான்கையும் டைப் செய்து முடித்தார்.

முடித்த அன்று மாலை நான் ரயிலில் இருந்தேன். சானடோரியம் தாண்டித் தாம்பரத்துக்குள் நுழையும் நேரம். பெண்கள் பெட்டியில் கதவருகே, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பையையும் பிடித்தபடி நின்றிருந்தேன். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"மேடம், பதினாலு பாடமும் ரெடி. இருபக்கம் அடிச்சா சரியா வருமான்னு ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிக்கிறேன். அதுக்கு இன்னா போடணும்?"

அவருக்குப் பின்னால் பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கூட்டம் இறங்கத் தள்ளிக்கொண்டிருந்தது.

"மைனஸ் வி போடுங்கண்ணா. அப்புறம் மைனஸ் பி."

"டி-யா?"

எனக்கு அது பி-யா என்றே கேட்டது. "ஆமா, ஆமா," என்றேன்.

"டி தானே மேடம்?"

அவர் இரண்டாவது முறையும் கேட்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது முறை கேட்டது எரிச்சலாகவும் இருந்தது. "ஆமாண்ணா, நான் இறங்கணும்," என்று சொல்லிப் போனை வைத்தேன். உண்மையில் நான் இறங்க வேண்டியது ஊரப்பாக்கத்தில். தாம்பரத்தில் கூட்டம் இறங்கியதும் ஓரமாய் ஓர் இடம் கிடைத்தது. உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார். அவர் எனக்கு நேராகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"பாடம் எதுவும் காணோம்மா. ஒண்ணுகூட இல்ல."

தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய்யும் இல்லை.

டிரஸ்டில் பிரின்டர் நின்றிருந்தது. திரையில் முந்தின மாலை அடித்த கட்டளையை மேலே போய்ப் பார்த்தேன். மைனஸ் வி, மைனஸ் டி, அதற்குப் பின்னால் எல்லாப் பாடங்களும் என்பதற்கான நட்சத்திரக் குறி. கீழே 'ஓகே'. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வி இருந்ததால் புரோகிராம் எதையும் மாற்றி எழுதவில்லை, சோதித்து மட்டும் பார்த்தது. டி இருந்ததால் வேலை முடிந்ததாக நினைத்து மூல ஃபைலை அழித்தது. பதினான்கையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு ஓகே என்றது. இந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் டி என்று அடித்தபோது இயந்திரமும் டி என்றுதான் சொல்லியிருக்கும். போனில் நான் ஆமா என்ற எழுத்தும் அதுதான். அவர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்?

அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள் ஒன்றை சி.டி.யில் கொண்டுபோயிருந்தேன். ஆனால் முந்தின மாலையே அண்ணன் வேறொரு கதைப் புத்தகத்தை மாற்றி அடித்திருந்தார். சின்ன டிஸ்க், காலியான இடத்தில் அது ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டு பாடங்கள் முழுதாகத் திரும்பி வந்தன. முதல் மூன்று பாடங்களை அக்கா தற்செயலாக ஒரு ஃபிளாப்பியில் வைத்திருந்தார். மீதி ஒன்பது போனது போனதுதான்.

அக்கா அழவில்லை. "நாலாவது பாடத்துலேந்து ஆரம்பிக்கணுமா?" என்று மட்டும் கேட்டு, விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது டிரஸ்டின் செயலாளர் உள்ளே வந்தார். ரிட்டையரான அதிகாரி. கெட்டவர் இல்லை, ஆனால் குரலைத் தாழ்த்தத் தெரியாது. அண்ணனைப் பார்த்து, "கேட்டுட்டுத்தானே செய்யணும்? கண்ணு தெரியாதவனைக் கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சது என் தப்பு. நாளையிலேருந்து பைண்டிங்குக்கே போயிடு," என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். நான் போனில் சொன்னதை அவர் சொல்லலாம். சொல்லவில்லை. "என் தப்புதான் சார். காதுல சரியா வாங்கல," என்றார்.

நான் அங்கே, இரண்டு அடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பயமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிட, பேசினால் எவ்வளவு விளக்க வேண்டியிருக்கும் என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது. வி, பி, டி என்று அந்தப் பெரியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று வீட்டில் எதுவும் ஓடவில்லை. மகன் ஏதோ கேட்டதற்கு அவன் கேட்டதே காதில் விழாமல் ஆமா, ஆமா என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "என்னா ஆமா?" என்றான்.

காலையில் குரோம்பேட்டைக்குப் போகாமல் நேராகக் கிழக்குத் தாம்பரம் போனேன். அண்ணன் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். செயலாளரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், அவர் என்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சார். ரெண்டு தடவை கேட்டார். நான் சரியா காதுல வாங்காம ஆமான்னு சொன்னேன். அதுவும் தவிர, மாத்தாத ஃபைலை அழிக்கற மாதிரி புரோகிராம் எழுதினது நான். யார் உக்காந்திருந்தாலும் அது அழிச்சிருக்கும். கண்ணு இருக்கறவங்களா இருந்தாலும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும் சார்."

"அந்தாளு ராத்திரி பூரா தூங்கலியாம்."

செயலாளர் எழுந்து உள்ளறைக்குப் போனார். அண்ணனைத் திரும்பக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அண்ணன், "வுடுங்க மேடம், ரயில்ல சத்தம்," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

முதலாளியிடமும் சொன்னேன், அழிந்த பாடங்களைத் திரும்ப அடிக்க உதவப் போவதாகவும். திட்டுவார் என்று நினைத்தேன். "ஆபீஸ் நேரத்துல போகாதே," என்றார், அவ்வளவுதான். அதனால் சனிக்கிழமை மதியமும் ஞாயிறு முழுவதும் டிரஸ்டுக்குப் போக ஆரம்பித்தேன். "ஞாயித்துக்கிழமையுமா?" என்று கணவர் கேட்டார். நான் விளக்கவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

முதல் வாரம் ஃப்ளாக்குகளை மாற்றினேன். முழு வார்த்தையாக வைக்கலாம் என்றது அண்ணன்தான். தமிழ் வார்த்தையாகவே வைப்போம் என்று ஆசைப்பட்டு, இருபுறம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தேன். இயந்திரக் குரல் அதை 'ஐரப்யூரம்' என்றது. சரிபார் என்று அடித்ததற்கு ஏதோ சேலை விற்கும் கடை மாதிரி 'சாரி பார்' என்றது. டைப் செய்துகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அந்த வாரம் யாரோ சிரித்தது அப்போதுதான்.

"பேஜார் புடிச்ச குரல் மேடம் இது. இங்கிலீஷ்லயே வையுங்க. ஆனா ஒண்ண மாதிரி இன்னொண்ணு கேக்கக் கூடாது."

பிரின்டரை ஓட விட்டு, ஒவ்வொரு வார்த்தையாக அடித்து அவரைக் கேட்கச் சொன்னேன். சத்தத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்ட வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டோம். தெரியாத வார்த்தை வந்தால் புரோகிராம் எதையும் செய்யாமல் நின்று, அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லும்படி எழுதினேன். என்ன செய்யப் போகிறது, எத்தனை ஃபைல் என்று முதலில் சொல்லிவிட்டு அனுமதி கேட்கும்படியும். அழிக்கும் வேலையை மொத்தமாக எடுத்துவிட்டேன். பழைய ஃபைல்களை சி.டி.யில் எழுதி அலமாரியில் வைத்தோம். எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒன்பது பாடங்கள்தான் மலை மாதிரி நின்றன. எனக்குத் தமிழ் டைப்பிங் சரியாக வராது. அதனால் நான் வாய்விட்டுப் படிக்க, அக்கா அடித்தார். கண்ணைப் புத்தகத்துக்கும் திரைக்கும் மாற்றி மாற்றி ஓட்டாததால் அவருக்கு வேகம் கூடியது. எனக்கு மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடும். அவர் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவருவார்.

இரண்டாவது ஞாயிறு, இரத்த ஓட்டம் பற்றிய பாடம். "இதயத்தின் அமைப்பைப் படத்தில் பார்க்க," என்று படித்தேன்.

"எங்க பாக்கறது மேடம்?" என்றார் அண்ணன்.

நான் நிறுத்தினேன்.

"இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். மின்ன அக்கா அடிச்சப்பவும் அப்டித்தான் இருந்துச்சு. படத்தப் பாரு, படத்தப் பாருன்னு. நான் படிக்கும்போது அத தாண்டிப் பூட்டேன். படத்துல இன்னா கீதுன்னு எழுதினா இன்னா?"

அக்கா விரல்களைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுதினால் ஒவ்வொரு பாடமும் ஒரு மடங்கு நீளும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மணி மூன்று, வெயில் கூடத்துக்குள் வந்துவிட்டிருந்தது, எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"சரி, எழுதலாம்," என்றார் அக்கா.

இதயத்தின் படத்தை வார்த்தையாக்க ஒரு மணி நேரம் ஆனது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை என்றேன். தாளின் வலப்பக்கம் இருந்ததை வலப்பக்க அறை என்று சொன்னேன். அண்ணன் தன் மார்பில் கையை வைத்து, "யாருக்கு வலது மேடம்? எனக்கா, தாளுக்கா?" என்றார். படத்தில் தாளின் இடப்பக்கம் இருப்பதுதான் உடம்பின் வலப்பக்கம். நான் பத்தாம் வகுப்பில் அந்தப் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். அதை அன்றுதான் கவனித்தேன். அவர் சட்டையின் மேலேயே விரலால் நான்கு அறைகளையும் வரைந்து, இரத்தம் போகும் வழியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்த்தார். "ஓ, இது இப்டிப் பூட்டு இப்டித் திரும்ப வருதா," என்றார். நான் சொன்ன வாக்கியங்களை அவர் திருத்தினார். அக்கா அடித்தார்.

டைப் செய்து முடிக்கவே அப்படி ஆறு வாரம் ஆனது, பிழை பார்த்து எல்லாப் பள்ளிகளுக்கும் அச்சடிக்க அதற்கு மேலும். புத்தகம் காலாண்டுக்கு வரவில்லை. அரையாண்டுக்கும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. முழுப் புத்தகமும், ஐந்து பெரிய தொகுதிகளாக, பொங்கல் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிகளுக்குப் போனது. நாங்கள் முன்பே ஒழுங்காகச் செய்திருந்தால் பிள்ளைகளுக்கு நான்கு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டுப் பார்த்தேன்.

பரீட்சை முடிந்து ஒரு பள்ளியிலிருந்து போன் வந்ததாக அண்ணன் சொன்னார். நன்றி சொன்னார்களாம். கூடவே, முதல் மூன்று பாடத்திலும் இன்னும் இரண்டு பாடத்திலும் மட்டும் ஏன் படங்களுக்கு விளக்கம் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாளாம். அழியாமல் தப்பித்த ஐந்து பாடங்கள் அவை. தப்பித்ததால் பழையபடியே அச்சாகிவிட்டன.

"அடுத்த வருஷ புள்ளங்களுக்கு அதயும் போட்டுடலாமா மேடம்?" என்றார்.

எனக்கு உண்மையிலேயே உடம்பு சோர்ந்து போயிருந்தது. அந்தக் கோடையில் இரண்டு தடவை காய்ச்சலில் படுத்திருந்தேன். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். அவர் சரி என்றார். பிறகு ஜூன் மாதத்தில் மூன்று ஞாயிறுகள் போய் அந்த ஐந்தையும் முடித்தோம்.

அதற்கு அடுத்த வருடம் நான் வேறு வேலைக்கு மாறினேன். அங்கே நூறு பேர் உட்கார்ந்து எழுதும் புரோகிராமில் ஒரு மூலை எனக்கு. அதை யார் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. டிரஸ்டுக்கு யாரோ புதிய கம்ப்யூட்டரும் புதிய மென்பொருளும் வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணன் போன் செய்தார்.

"எல்லாமே படமா கீது மேடம். பட்டன் பேரக்கூட சொல்ல மாட்டேங்குது. நம்முளத இதுல ஏத்த முடியுமா?"

மகனை அந்த மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். சனிக்கிழமைகளில்தான் துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம். முடியும் என்று சொன்னேன், எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தபோது துணிகளை ஊற வைத்துவிட்டு டிரஸ்டுக்குக் கிளம்பினேன்.